கடலில் மட்டும் நிற்கும் எஞ்சின்

குளச்சல் துறைமுகத்துக்குப் போகிற வழியில் கிளாராவின் தகர ஷெட் இருக்கிறது. வள்ளத்தின் பின்னால் மாட்டுகிற எஞ்சின்களை அங்கே பழுது பார்க்கிறாள். ஐ.டி.ஐ.யில் மெக்கானிக் படித்து, மார்த்தாண்டத்தில் பைக் கடையொன்றில் சில வருஷம் ஸ்பானர் பிடித்தவள். டிஜோவைக் கட்டிக்கொண்டு குளச்சலுக்கு வந்தாள். அவன் பஹ்ரைனுக்கு மீன்பிடி வேலைக்குப் போனபிறகு, வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் ஷெட்டைப் போட்டாள். முதலில் ஆட்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள், பிறகு எஞ்சினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தன்னால் ஆகாத எஞ்சின் இன்னும் இந்தக் கடற்கரைக்கு வரவில்லை என்று அவளே சொல்லுவாள். அதில் கொஞ்சம் வீம்பு உண்டு, பொய் அதிகம் இல்லை.

சென்ற மாசி மாதம் வள்ளக்காரன் கிளீட்டஸ் தன் எஞ்சினைச் சுமந்துகொண்டு வந்தான். கரையில் ஒரே இழுப்பில் ஓடுகிறதாம். கடலில் அரை மணிநேரம் போனதும் இருமி நின்றுவிடுகிறதாம். அதற்குமேல் கை ஓய்ந்துபோகும்வரை கயிற்றை இழுத்தாலும் ஸ்டார்ட் ஆவதில்லை. இரண்டு தடவை வேறு வள்ளத்தில் கட்டி இழுத்துத்தான் கரை சேர்ந்திருக்கிறான். கார்பரேட்டரும் பிளக்கும் மாற்றியாயிற்று.

கிளாரா எஞ்சினைத் தண்ணீர் டிரம்மில் மாட்டி, தன் டேங்கிலிருந்து பெட்ரோல் கொடுத்து ஒரு மணிநேரம் ஓடவிட்டாள். எஞ்சின் தன்பாட்டுக்கு ஓடியது. வேறு யாராக இருந்தாலும் ஒன்றுமில்லை என்று திருப்பிக் கொடுத்திருப்பார்கள். அவள் கையைத் துடைத்துக்கொண்டு, நாளைக் காலையில் தானும் வள்ளத்தில் வருவதாகச் சொன்னாள்.

கிளீட்டஸ் தலையைச் சொறிந்தான். அவர்கள் வள்ளத்தில் பெண்கள் ஏறுகிற வழக்கமில்லை. வீட்டில் என்ன சொல்வார்களோ என்று இழுத்தான்.

“எஞ்சின் கடல்லதானே நிக்குது மக்கா? நான் கரையில இருந்து என்னத்தப் பாக்க?” என்றாள்.

விடியும்போது துறைக்கு வந்துவிடச் சொல்லிவிட்டுப் போனான்.

மறுநாள் விடிந்ததும் இருவரும் இறங்கினார்கள். கிளாரா அதுவரை வள்ளத்தில் கடலுக்குப் போனதில்லை. அலையைத் தடுக்கக் கல் போட்டிருக்கும் தூண்டில் வளைவைத் தாண்டியதும் அலை தூக்கிப் போட்டது, அவள் வெளியே குனிந்து வாந்தி எடுத்தாள். வாயைக் கழுவிவிட்டு மறுபடி எஞ்சின் பக்கமே காதை வைத்து உட்கார்ந்தாள். பிளக்குக்குப் பொறி கொடுக்கிற இக்னிஷன் காயில் சூடேறித்தான் எஞ்சின் நிற்கிறது என்று முந்தின இரவே தீர்மானித்திருந்தாள். மாற்றுக் காயிலும் பையில் இருந்தது.

அவன் சொன்னது போலவே எஞ்சின் இருமியது, நின்றது. காற்று வள்ளத்தைப் பாறைகள் பக்கம் தள்ளியது. கிளீட்டஸ் கூட்டாளிகளைக் கூப்பிட போனை எடுத்தான். கொஞ்சம் பொறு என்று கிளாரா கை காட்டினாள்.

பிளக்கைக் கழற்றி எஞ்சின் உடம்பில் ஒட்டி வைத்துக்கொண்டு கயிற்றை இழுக்கச் சொன்னாள். பளிச்சென்று நீலமாகப் பொறி விழுந்தது. அப்படியானால் காயில் நன்றாக இருக்கிறது. அவள் நினைத்தது தப்பு. பிளக்கைத் திருப்பிப் பார்த்தாள். அதன் முனை காய்ந்து கிடந்ததைக் கண்டதும் தெளிந்துவிட்டாள். எஞ்சினுக்குப் பெட்ரோல் வரவில்லை. டேங்கிலிருந்து வருகிற குழாயைத் தடவினாள். நடுவில் இருந்த ரப்பர் பம்பு சாறு பிழிந்த எலுமிச்சை மாதிரி சப்பிப் போயிருந்தது.

டேங்க் மூடியைத் திருகினாள். உஸ்ஸென்று காற்று உள்ளே போனது, பம்பு மெல்ல உப்பியது. மூடியைக் கையில் எடுத்துப் பார்த்தாள். காற்றுப் போகிற சின்ன ஓட்டை நீலப் பெயிண்டில் அடைபட்டிருந்தது.

“இந்தப் பெயிண்ட் யாரு அடிச்சது?”

கிளீட்டஸ் முகம் சுருங்கியது. பெருநாளுக்கு வள்ளத்துக்கு அடித்தபோது மிச்சத்தை டேங்குக்கும் அடித்தது அவன்தான். காற்று புகாமல் டேங்க் பெட்ரோலை விட மறுத்திருக்கிறது. கரையில் அவன் எஞ்சினை ஓட்டிப் பார்த்தது இரண்டு நிமிஷம், ஷெட்டில் ஓடியது வேறு டேங்கில். அதனால்தான் யாருக்கும் பிடிபடவில்லை.

கிளாரா தாலிச் சங்கிலியில் கிடந்த ஊக்கைக் கழற்றி ஓட்டையைக் குத்தித் திறந்தாள். பிளக்கை மாட்டி, பம்பை அமுக்கி, கயிற்றைத் தானே இழுத்தாள். முதல் இழுப்பில் உறுமியது, இரண்டாவதில் பிடித்தது. பாறைகள் பின்னால் போயின.

கிளீட்டஸ் வள்ளத்தைக் கரைக்குத் திருப்பப் போனான்.

“இன்னும் ஒரு மணிநேரம் ஓட்டு. இதுதான் கோளாறுன்னு ரெண்டுபேருக்கும் உறுதியாகட்டும்” என்றாள்.

ஓட்டினான். எஞ்சின் நிற்கவே இல்லை.

அன்று சாயங்காலம் போனில் டிஜோவிடம் எல்லாம் சொன்னாள். அவன் முதலில் கேட்டது, “பயந்தியாட்டி?”

பயந்ததாகவும், வாந்தி எடுத்ததாகவும், காயில் என்று நினைத்து ஏமாந்ததாகவும் சொன்னாள். பிறகு, வாணியக்குடியில் ஒரு வள்ளமும் இதேபோல் நடுக்கடலில் நிற்கிறதாம், வியாழக்கிழமை அதில் போகப்போகிறேன் என்றாள். குமட்டலுக்கு மாத்திரை வாங்கி வைத்தாயிற்று.