ஹல்வர் நிற்க மாட்டார்

“பனியில சறுக்க கால்ல ஸ்கீ மாட்டினதுக்கப்புறம் நான் யாருக்காகவும் நின்னதில்ல, எதுக்காகவும் நின்னதில்ல. சாவே வந்து கூப்பிட்டாலும் சரி, கூடவே ஓடிவந்து விஷயத்தைச் சொல்லட்டும். நிக்கமாட்டான் இந்த ஹல்வர்!”

முள்கரண்டியில் ஒரு துண்டு ஆட்டிறைச்சியைத் தூக்கிப் பிடித்தபடி ஹல்வர் இதை அறிவித்தார். இலையுதிர்காலம், மைத்துனன் ஐவினின் பிறந்தநாள் விருந்து, மேசை நிறைய உறவினர்கள். அறிவித்து முடித்த மறுகணம் அவர் மணிக்கட்டுக் கடிகாரம் ‘பீப்’ என்றது. நாடித்துடிப்பு எல்லை தாண்டிவிட்டதாம். ஹல்வர் கரண்டியைத் தட்டில் வைத்தார், கண்ணை மூடினார், மூக்கால் இழுத்து வாயால் விட்டார். உருளைக்கிழங்குப் பாத்திரம் ஐவினின் கையில் அந்தரத்தில் நின்றது. குடும்பத்து வழக்கம் அது. கடிகாரம் பீப் என்றால் அது அடங்கும்வரை யாரும் யாருக்கும் எதையும் பரிமாறக்கூடாது.

“அடங்கிடுச்சா மச்சான்? குழம்பு ஆறுது” என்றான் ஐவின்.

மறுபடி பீப்.

ஹல்வர் ஸ்தூர்தால் பள்ளத்தாக்கில் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவர். பாதி ஊருக்கு லைசென்ஸ் வாங்கித் தந்த கை. வண்டிக்குள் அவரைப்போல் சாந்தமூர்த்தி கிடையாது. பதினெட்டு வயதுப் பெண் ஒருத்தி பின்னால் எடுப்பதாக நினைத்துக்கொண்டு முன்னால் எடுத்து, ஏரிக்கரை வேலியைப் பெயர்த்துக்கொண்டு நின்றபோதுகூட, “பரவாயில்ல கண்ணு, இப்ப கியரைப் பார்” என்றுதான் சொன்னார். குரலில் இல்லாத உண்மையைக் கடிகாரம் சொன்னது. அன்று மாலை அதைக் கணினியில் இணைத்துப் பார்த்தால், ‘கடும் பயிற்சி, அற்புதம்’ என்று பாராட்டியிருந்தது. உட்கார்ந்த இடத்திலேயே வாங்கிய பாராட்டு. ஹல்வர் ஒரு வாரம் அதைச் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

வண்டியில் விழுங்கிய கோபமெல்லாம் பனித்தடத்துக்கு வந்துசேரும். அங்கே அவருக்குப் பகைவர்கள் ஏராளம். தடத்தில் நாயோடு வருபவர்கள், நாயில்லாமல் வருபவர்கள். ஸ்கீ இல்லாமல் பூட்ஸ் காலோடு நடந்து, இயந்திரம் நீவிவிட்ட பனியில் குழி போடுபவர்கள். ஸ்கீயோடு வந்து நடுத்தடத்தில் குந்தி ஆரஞ்சு உரிப்பவர்கள். எல்லாரையும்விடப் பெரிய குற்றவாளிகள் வணக்கம் சொல்பவர்கள். இந்த ஊர்க்காரர்கள் கடையில் தோளோடு தோள் இடித்தாலும் பேசமாட்டார்கள். மலைமேல் ஏறிவிட்டால் முன்பின் தெரியாதவருக்கும் “ஹை ஹை” என்பார்கள். சொல்லாமல் போனால் நாகரிகமில்லை. ஹல்வர் சொல்வதில்லை. இரண்டு ‘ஹை’க்குச் செலவாகும் மூச்சை அவர் கணக்குப் பார்த்து வைத்திருக்கிறார்.

இதில் ஒரு சங்கடம். ஹல்வரின் பயிற்சித் திட்டப்படி வாரத்தில் பெரும்பகுதி மெதுவாக, நாடி ஏறாமல் ஓடவேண்டும். நெஞ்சில் கட்டிய பட்டை துடிப்பை எண்ணும், கடிகாரம் காவல் காக்கும். கால் சொன்னபடி கேட்டது. கோபம் கேட்கவில்லை. ஒரு நாயைப் பார்ப்பார், நாடி ஏறும், பீப். பீப்பைக் கேட்டதும், நிதானமாக ஓடுகிற மனிதனைக் குறைசொல்கிறதே என்று இன்னும் கோபம் வரும், இன்னொரு பீப். பிறகு நாய்க்காரரை விட்டுவிட்டு மணிக்கட்டோடு சண்டை. “நான் அமைதியாத்தான் இருக்கேன்! அமைதியா இருக்கேன்னு சொல்றேன்ல!” என்று பைன் மரங்களுக்கு நடுவிலிருந்து ஓர் அலறல் கேட்டால், ஹல்வர் அன்று இலகுவான பயிற்சியில் இருக்கிறார் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

இத்தனையும் எதற்கு? ஒரு பேட்ஜுக்கு. மார்ச் மாதத்தில் மலைமேல் நெடுந்தூர ஸ்கீ பந்தயம் உண்டு. உங்கள் வயதுக்காரர்களில் வேகமானவர்களை ஒட்டி, குறிப்பிட்ட நேரத்துக்குள் வந்துசேர்ந்தால் சட்டைப் பொத்தான் அளவில் ஒரு பேட்ஜ் தருவார்கள். அதைத் தொப்பியில் குத்திக்கொள்ளலாம். ஐவினிடம் இருக்கிறது. பால் வாங்கப் போகும்போதுகூடக் குத்திக்கொண்டுதான் போகிறான். இத்தனைக்கும் பயிற்சி என்று அவன் செய்வதெல்லாம் மலையில் தீ மூட்டித் தொத்திறைச்சி சுடுவதுதான். ஹல்வருக்குச் சென்ற ஆண்டு மயிரிழையில் தவறிவிட்டது. யாரோ குறுக்கே இழுத்து வந்த ஒரு கைக்குழந்தையின் சறுக்குவண்டிதான் காரணம் என்பது அவர் தீர்ப்பு. குழந்தைக்கு அப்போது நடை வந்திருக்கவில்லை. இப்போது ஓடுகிறது. தீர்ப்பு மட்டும் அப்படியே இருக்கிறது.

கடிகாரத்தோடு குடும்பம் நடத்துவது மனைவி தோருன். அவர் ஊர்ப் பள்ளிக்கூடத்துச் சமையல்காரர். நூறு பிள்ளைகளைச் சமாளிக்கிறவரால் இந்த ஒரு கடிகாரத்தைச் சமாளிக்க முடியவில்லை. ஒரு காலை ஹல்வர் சோம்பல் முறித்து, “அப்பா, எப்பேர்ப்பட்ட தூக்கம்!” என்று எழுந்தார். பிறகு மணிக்கட்டைப் பார்த்தார். தூக்கத்துக்குக் குறைந்த மதிப்பெண். உடனே முகம் வாடி, தோள் தொங்கி, படுக்கையின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டார்.

“ராத்திரியெல்லாம் நான் தூங்கவே இல்லையாம் தோருன்.”

“உன் குறட்டையில நான்தான் தூங்கல. அதுக்கு என்ன மார்க் போட்டிருக்கு, பாரு.”

“விளையாடாத. களைப்பா இருக்கு.”

“இப்பத்தான்யா நல்லா தூங்கினேன்னு சொன்ன!”

“அப்ப எனக்குத் தெரியாதே!”

அன்று முழுவதும் களைப்பாகவே இருந்தார்.

இப்படிப்பட்ட கடிகாரத்தைத் தோருன் அடுப்பில் போடாததற்கு ஒரு காரணம் உண்டு. புத்தாண்டு இரவு ஹல்வர் வாக்குக் கொடுத்திருந்தார். “இந்த வருஷம் பேட்ஜ் வந்துச்சுன்னா, அன்னைக்கே வாட்ச்சைக் கழட்டி டிராயர்ல போட்டுடறேன். ஈஸ்டருக்கு மலைக்குடிலுக்குப் போவோம். சுவர்ல சாஞ்சு உக்காந்து, வெயில் காஞ்சு, ஆரஞ்சு திம்போம். பழைய மாதிரி.” பழைய மாதிரி என்ற சொல் தோருனைக் கட்டிப்போட்டது. வெயிலில் தன் பக்கத்தில் ஹல்வர் சும்மா உட்கார்ந்திருந்து எத்தனை பனிக்காலம் ஆயிற்று! ஆகவே கடிகாரத்தை உலகத்திலேயே அதிகம் வெறுக்கிற தோருன், அதன் சொற்படி கிழங்கைக் குறைத்து, மீனைக் கூட்டி, ஒன்பது மணிக்கு விளக்கணைத்து, அந்த பேட்ஜுக்காக அவரைவிட உழைத்தார்.

பந்தயத்துக்கு முந்தின இரவு. “வாட்ச்சைக் கழட்டி சார்ஜ்ல போடு” என்றார் தோருன்.

“கழட்டிட்டா தூக்கத்துக்கு மார்க் வராது. நாளைக்குத் தயாரா இருக்கேனா இல்லையான்னு எப்படித் தெரியும்?”

“எழுந்து நின்னு பாரு, தெரியும்.”

ஹல்வர் இந்த மாதிரிப் பாமரத்தனமான பேச்சுக்குப் பதில் சொல்வதில்லை. கட்டிக்கொண்டே தூங்கினார்.

விடிந்தபோது கடுங்குளிர். மூச்சு விட்டால் மீசையில் உறைந்தது. கடிகாரம், ‘உடல் தயாராக இல்லை, இன்று ஓய்வெடுக்கவும்’ என்றது. ஹல்வர் அதைத் திட்டிவிட்டு, கடிகாரத்தை அங்கியின் கைக்கு மேலே, வெளியில் தெரியும்படி கட்டிக்கொண்டார்.

“உள்ள கட்டு ஹல்வர். குளிர்ல பேட்டரி போயிடும்.”

“உள்ள கட்டினா ஒவ்வொரு தடவையும் கையைச் சுருட்டித்தானே பாக்கணும்? வேகம் என்னத்துக்காவறது?”

“பாக்காமத்தான் ஓடேன்.”

ஹல்வர் அவரைப் பார்த்த பார்வை, எதிர்வரிசையில் வண்டியைத் திருப்பிய மாணவரையும் அவர் பார்த்திராத பார்வை.

பந்தயத்தன்று தோருனுக்கும் வேலை உண்டு. ஊருக்காகக் கூலியில்லாமல் எல்லாரும் ஒரு கை கொடுக்கும் வழக்கப்படி, மலையுச்சியில் மேசை போட்டு, ஓடிவருகிறவர்களுக்கு, புதரில் காய்க்கும் சின்னக் கரும்பழத்தின் சாற்றைச் சூடாகக் கொடுப்பது அவர் குழுவின் பொறுப்பு. ஒவ்வோர் ஆண்டும் ஹல்வர் அந்த மேசையைக் கடப்பார். நிற்காமல் குவளையைப் பிடுங்குவார், பாதியைக் குடிப்பார், மீதியைப் பனியில் எறிவார், “சுடுது!” அல்லது “ஆறிப்போச்சு!” என்று கத்திக்கொண்டே மறைவார். அன்றைய தாம்பத்தியம் அவ்வளவுதான். முன்பு ஒருமுறை, “ஒரு நிமிஷம் நில்லுப்பா, மூக்குல வெள்ளைத் திட்டு இருக்கு” என்று தோருன் கூவினார். குளிர்நாளில் எதிரில் வருபவர் முகத்தைப் பார்த்து, தோல் உறைந்து வெளுத்திருந்தால் சொல்லிவிடுவது இங்கே குறைந்தபட்ச மரியாதை, எதிரியானாலும் சொல்வார்கள். ஹல்வர் நிற்கவில்லை. வசந்தம் வரை மூக்குத் தோல் உரிந்தபடி கார் ஓட்டக் கற்றுக்கொடுத்தார். அவர் அந்த வலியை மறந்துவிட்டார். தோருன் மறக்கவில்லை.

இந்த ஆண்டு ஹல்வர் மேட்டின் மேல் தலை காட்டியபோது மேசைக்காரர்களே கைதட்டினார்கள். தோருனுக்குக் கண்ணை நம்ப முடியவில்லை. ஐவின் இன்னும் கண்ணுக்கே தெரியவில்லை. தொலைபேசியில் நேரம் பார்த்துக்கொண்டிருந்த பக்கத்து வீட்டுக்காரி, “தோருன், உன் ஆளு நல்லா முன்னாடி இருக்காருடி! இனிமே இறக்கந்தான். உருண்டே போனாலும் பேட்ஜ் உறுதி!” என்று குதித்தாள். தோருன் ஈஸ்டர் வெயிலை முகத்தில் உணர்ந்தார். குவளையை நிரப்பிக்கொண்டு, பிடுங்க வசதியாகக் கையை நீட்டி நின்றார்.

ஹல்வர் வந்தார். மேசையை நெருங்கினார். நின்றார்.

நின்றேவிட்டார்! இரண்டு ஸ்கீயும் ஒட்டிக்கொண்டதுபோல் நின்றன. தோருனின் முட்டாள் நெஞ்சு ஒரு துள்ளல் துள்ளியது. பாவம், அதை எண்ண அங்கே பட்டை எதுவும் கட்டியிருக்கவில்லை. எனக்காகவா என்று நினைத்து முடிப்பதற்குள் ஹல்வர் மணிக்கட்டை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். கடிகாரத்தின் முகம் கறுப்பாக இருந்தது.

“செத்துடுச்சு தோருன்.”

“சரி, போ! நீ முன்னாடி இருக்க!”

“எப்படிப் போறது? நாடி தெரியல, வேகம் தெரியல…”

“தெரியாட்டி என்ன? கீழ பாத்துச் சறுக்கு! போ ஹல்வர்!”

“இது இல்லாம ஓடினா அது கணக்குலயே வராது.”

“நெஞ்சுல குத்தின நம்பர்லயே பந்தயக்காரங்க சிப் வெச்சு அனுப்பியிருக்காங்களேய்யா! அவங்க கணக்கு பாத்துக்குவாங்க!”

“அது அவங்க கணக்கு” என்றார் ஹல்வர். கோபமே இல்லாத குரல். வேலி பெயர்ந்த அன்று அந்தப் பெண்ணிடம் பேசிய அதே குரல். “நான் ஓடினேன்னு எனக்கு எப்படித் தெரியும்?”

எத்தனையோ ஆண்டுகளாக அந்த இடத்தில் நில் நில் என்று கெஞ்சிய தோருன், இப்போது அவர் முதுகில் கைவைத்துத் தள்ளினார். “போய்யா! போய்த் தொலையேன்! ஈஸ்டர் போயிடும்!” பக்கத்து வீட்டுக்காரியும் சேர்ந்து தள்ளினாள். ஹல்வர் அசையவில்லை. கோலை ஊன்றி, கையுறையைப் பல்லால் கழற்றி, கடிகாரத்தை அவிழ்த்து அக்குளில் வைத்துப் பார்த்தார். வாயருகே வைத்து ஊதினார். மெதுவாகத் தடவிக்கொடுத்தார்.

மேட்டின் பின்னாலிருந்து, “வழி! வழி!” என்று குரல். பேட்ஜ் குத்திய தொப்பியோடு ஐவின் வியர்க்க விறுவிறுக்க வந்தான். ஹல்வரைக் கண்டதும் அவனே ஒரு கணம் தடுமாறினான்.

“மச்சான்! யாராவது செத்துட்டாங்களா?”

ஐவின் கடந்துபோகும்போதே முகத்தைத் திருப்பி, “மூக்கு வெளுத்திருக்கு மச்சான், பாத்துக்க!” என்று கத்திவிட்டு இறக்கத்தில் மறைந்தான்.

வெளுத்துத்தான் இருந்தது. தோருன் பல்லைக் கடித்துக்கொண்டு, ஆவி பறக்கும் குவளையை அவர் முகத்துக்கு நேரே நீட்டினார். “பிடி. மூக்குக்கிட்ட வை. அப்புறம் குடி.”

ஹல்வர் குவளையை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாழ்நாளில் முதன்முறையாக அதை ஆற அமரப் பார்த்தார். சூடு சரியாக இருப்பதாகத் தலையசைத்தார். பிறகு கடிகாரத்தை வாரின் நுனியில் பிடித்து, கரும்பழச் சாற்றுக்குள் மெல்ல இறக்கினார். பின்னாலிருந்து இன்னும் நாலைந்து பேர், “வழி! வழி!” என்று கூவிக்கொண்டு வந்தார்கள். ஹல்வர் தடத்தைவிட்டு ஒதுங்கி, ஒவ்வொருவருக்கும் வழிவிட்டு, குவளைக்குள் எட்டிப் பார்த்தபடி நின்றார்.