கவிழ்த்து வைத்த மூன்று ராஜா

எழுபதுகளின் கடைசியில் நான் ஆரணியில் பட்டு நெய்துகொண்டிருந்தேன். தறி ஓடாத அமாவாசைப் பகல்களில் களம்பூர் ரைஸ் மில்லுக்குப் பின்னால் மூணு சீட்டு ஆடப் போவேன். அங்கே நெல் லாரி ஓட்டும் பெரணமல்லூர்க்காரர் ஒருவர் அடிக்கடி சொல்வார்: “கை சரியில்லன்னா முதல் சுத்துலயே சீட்டக் கவுத்துட்டு விலகிடுப்பா.”

“அதெல்லாம் அந்தக் காலம்ண்ணா. இப்ப மிரட்டுறவன்தான் ஜெயிக்கிறான்” என்று சிரிப்பேன்.

ஓர் அமாவாசையன்று, முதலாளியிடம் ஒப்படைக்க வேண்டிய சேலையோடு அங்கே போய்விட்டேன். எனக்கு வந்தது உதவாத சீட்டு. ஆனாலும் பந்தயத்தை ஏற்றிக்கொண்டே போனேன். மற்றவர்கள் விலகிவிட, லாரிக்காரர் மட்டும் நின்றார். காசு தீர்ந்ததும் வீம்பில் அந்தச் சேலையையே நடுவில் வைத்தேன். வைத்த பிறகுதான் அது என்னுடையதில்லை என்பது உறைத்தது. “ஐயோ, முதலாளி சேலை” என்று வாய்விட்டே முனகினேன்.

அவர் தன் சீட்டைப் பார்த்தார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். “நான் கவுத்துட்டேம்பா” என்றார்.

ஜெயித்த திமிரில் அவர் சீட்டைப் புரட்டினேன். மூன்று ராஜா. என் சீட்டு அதன் பக்கத்தில்கூட வராது.

“என்னண்ணா இது?” என்றேன்.

“முதலாளி சேலைய வச்சிகினு ஆடுறியே, அத ஜெயிச்சு நான் என்னா பண்றது? ஜல்தியா கொண்டுபோய்க் குடு.”

காசையெல்லாம் அவர் பக்கம் தள்ளிவிட்டு பஸ் ஏறினேன். முதலாளி சேலையை விரித்துப் பார்த்துத் தலையசைத்தபோதுதான் எனக்கு மூச்சு வந்தது.

ஆட்டத்தில் என்னென்னவோ புது வித்தைகள் வந்துவிட்டன என்கிறார்கள். இருக்கலாம். அன்று அந்தப் பழைய பேச்சைக் கேட்டிருந்தால் நான் அந்தச் சேலையைப் பந்தயம் வைத்திருக்க மாட்டேன். கேட்காதவனுக்காகவும் ஒருவர் தோற்றுக் கொடுத்தாரே, அதை நினைத்தால் இன்றும் நெஞ்சு லேசாகிறது.