துரைக்கு இரண்டு யூனிட்

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் இருபத்திரண்டு வருஷமாக ஊசி குத்துகிறவளுக்கு அங்கே எல்லாரும் வைத்த பேர் ஊசியக்கா. அருவருப்பு என்கிற சமாசாரமே அவளுக்குக் கிடையாது என்று அங்கே ஒரு பேச்சு. ஜனங்கள் வெதுவெதுப்பாகக் கொண்டுவந்து நீட்டும் டப்பாக்களை வாங்கி, பேர் ஒட்டி, தட்டில் அடுக்கிவிட்டு, கையைக் கழுவிக்கொண்டு அடுத்த அறையில் உட்கார்ந்து நிம்மதியாகச் சாப்பிடுவாள். அவளுக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்று. பொய் சொல்லும் வயிறு. "வெறும் வயித்துலதான் வந்திருக்கேன்" என்று தலையில் அடித்துச் சத்தியம் பண்ணுவார்கள், உதட்டோரத்தில் ரொட்டித் தூள் ஒட்டியிருக்கும்.

வீட்டுக்கு வந்தால்தான் கதை வேறு. கதவைத் திறந்ததும் மூக்கைப் பிடுங்குகிற நாற்றம் இருக்கிறதே, சீ, அதைச் சகித்துக்கொள்ள யாரும் சம்பளம் தருவதில்லை. பூனை மூத்திரம். அதுவும் சர்க்கரை மூத்திரம். தரையில் பிசுபிசுவென்று ஒட்டும். துடைத்துவிட்டுத் திரும்புவதற்குள் எறும்பு சாரை பிடித்து வந்துவிடும். மணல் தட்டில் போய்விட்டு அதே காலோடு மெத்தையில் ஏறி, அவள் முகத்துக்கு நேராக உட்கார்ந்து நக்கிக்கொள்ளும் அந்த மகாராஜாவுக்குத் துரை என்று பேர்.

பேர் வைத்தவர் அவள் வீட்டுக்காரர். முப்பது வருஷம் கார் ஓட்டக் கற்றுக்கொடுத்து ஓய்வு பெற்றவர், ஊரில் கிளட்ச் வாத்தியார் என்றால்தான் தெரியும். மாடிப்படிக்கு அடியில் கிடந்த குட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தது அவர். காலையும் மாலையும் பாலில் பிஸ்கட் ஊறவைத்துக் கொடுத்துக் கொடுத்து அதைத் தலையணை மாதிரி ஊதவிட்டதும் அவர்தான். "என் ராசா, என் தங்கம்" என்று அவர் கொஞ்சுவதைக் கேட்டால் பெற்ற பிள்ளைகூடப் பொறாமைப்படும். அதற்குச் சர்க்கரை வியாதி என்று ஆனதும் ஊசியைப் பார்த்தாலே தலை சுற்றுகிறது என்று சொல்லி நாற்காலியில் சாய்ந்துவிட்டார். கொண்டுவந்தது ஒருத்தர், குத்துவது இன்னொருத்தி. எந்த வீட்டில்தான் இது புதுசு?

பூனை வைத்தியம் பார்க்கும் டாக்டரம்மா சின்ன வயசுக்காரி, ஆனால் கறார். முதல் நாளே சொல்லிவிட்டாள். "பன்னண்டு மணி நேரத்துக்கு ஒரு தடவை, ரெண்டு யூனிட் இன்சுலின். பாட்டிலைக் குலுக்கக் கூடாது, உள்ளங்கையில மெதுவா உருட்டணும். இந்த மருந்துக்கு இந்த ஊசிதான், மனுஷங்க ஊசியில அளந்தா அளவு தப்பாயிடும். எல்லாத்தையும் விட முக்கியம், சாப்பிட்டாத்தான் ஊசி. சாப்பிடலன்னா போடாதீங்க, எனக்கு போன் பண்ணுங்க. வெறும் வயித்துல போட்டா சர்க்கரை இறங்கி ஆளையே தூக்கிடும்."

ஊசியக்காவுக்கு இதெல்லாம் பாடமா? காலை ஆறு, மாலை ஆறு. உப்பில்லாமல் வேகவைத்த கோழியைப் பிய்த்து, தராசில் நிறுத்து, கிண்ணத்தில் வைப்பாள். கிண்ணம் காலியானதும் பிடரித் தோலைத் தூக்கி ஊசியை இறக்குவாள். ரோமம் ஈரமாக இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்ப்பாள், ஈரமிருந்தால் மருந்து வெளியே போய்விட்டது என்று அர்த்தம். பிறகு நோட்டில் எழுதுவாள்: சாப்பிட்டது முழுசு, ஊசி இரண்டு. மூக்கைச் சுளித்துக்கொண்டே செய்வாள், ஆனால் ஒரு நாளும் தவறமாட்டாள்.

மூன்று மாதம் ஒழுங்காகப் போயிற்று. நான்காம் மாதம் துரை தள்ளாட ஆரம்பித்தது. ஒரு நாள் நடந்து போகும்போது சுவரில் முட்டியது. ஒரு நாள் எச்சில் ஒழுக நாற்காலிக்கு அடியில் கிடந்தது. காதோரம் ஒரு சொட்டு ரத்தம் எடுத்துப் பார்த்தால் சர்க்கரை பாதாளத்தில். டாக்டரம்மா நோட்டைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "சாப்பாடு முழுசு, மருந்து ரெண்டுதான். அப்புறம் ஏன் இறங்குது? அளக்கும்போது கை ஏதும் நடுங்குதாம்மா?" என்று கேட்டாள்.

நரம்பே கிடைக்காத கிழவர்களுக்கெல்லாம் ஒரே குத்தில் ரத்தம் எடுக்கிற கை அது. ஊசியக்கா நோட்டை வாங்கிக்கொண்டு எழுந்து வந்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் பக்கத்தில் வந்த கிளட்ச் வாத்தியார், "விடு, சின்னப் பொண்ணு, தெரியாம கேட்டுடுச்சு" என்று ஆறுதல் சொன்னார். ஆறுதல்!

அவர் நிலைமையையும் சொல்லிவிட வேண்டும். அவருக்கும் சர்க்கரை. போதாததற்குச் சிறுநீரகமும் தளர்ந்திருக்கிறது, கறியும் முட்டையும் கண்ணில் காட்டக்கூடாது என்று அவருடைய டாக்டர் சொல்லி ஆறு மாதமாகிறது. வேகவைத்த காய்கறியைப் பார்த்துப் பெருமூச்சு விட்டபடி அவர் சாப்பிடுவதை ஊசியக்கா தினமும் பார்த்தாள். பாவம் என்றுகூட நினைத்தாள்.

தள்ளாட்டம் தொடங்கி இரண்டு வாரம் ஆகியிருந்தது. அன்று அவளுக்கு வார விடுமுறை. காலையில் வழக்கம்போலக் கோழியை வைத்துவிட்டுக் குளிக்கப் போனாள். திரும்பி வந்தபோது கிண்ணம் காலி. ஊசியைப் போட்டாள், எழுதினாள். எட்டு மணிக்குத் துணி மடித்துக்கொண்டிருந்தபோது துரை கட்டிலிலிருந்து பொத்தென்று விழுந்தது. கால்கள் இழுத்தன, கண் வெள்ளையாகத் திரும்பியது, படுத்த இடத்திலேயே மூத்திரம் போயிற்று. அவள் அதன் காதைக் குத்திப் பார்த்தாள். சர்க்கரை முப்பத்தெட்டுதான். சர்க்கரையைத் தண்ணீரில் குழைத்து, நாறுகிற அந்த வாய்க்குள் விரலை விட்டு ஈறில் தேய்த்தாள். பல் பட்டு விரல் கிழிந்தது, அவள் எடுக்கவில்லை. இழுப்பு நின்றதும் துண்டில் சுருட்டிக்கொண்டு இரண்டு பேரும் டாக்டரம்மாவிடம் ஓடினார்கள்.

"இன்னைக்கும் முழுசா சாப்பிட்டுச்சா?" என்றாள் டாக்டரம்மா, துரைக்குக் குளுக்கோஸ் ஏற்றிக்கொண்டே.

"கிண்ணம் சுத்தமா காலி டாக்டர்."

"அப்ப இன்சுலினை நிறுத்திடலாம். சில பூனைங்களுக்கு வியாதி தானாவே விலகிப் போறது உண்டு. உடம்பு மருந்து வேணாம்னு சொல்லுது."

ஊசியக்காவுக்கு ஒரு நிமிஷம் சந்தோஷமாகத்தான் இருந்தது. தினம் இரண்டு வேளை இந்த நாற்றத்தில் முகம் வைக்கும் வேலை விட்டது. ஆனால் ஏதோ உறுத்தியது. "விலகிடுச்சுன்னா மூத்திரத்துக்கு ஏன் இன்னும் எறும்பு வருது டாக்டர்? நேத்துகூட வந்துச்சே. சர்க்கரை இருக்கும்போது மருந்தை நிறுத்தினா என்ன ஆகும்?"

"இருந்து நிறுத்தினா பத்து நாள் தாங்காது" என்றாள் டாக்டரம்மா யோசனையோடு. "அதனாலதான் கேக்குறேன். சாப்பிட்டது நிச்சயம்தானே?"

கிளட்ச் வாத்தியார் சுவரில் மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அப்போதுதான் துரை வாந்தி எடுத்தது. மேஜையெல்லாம் மஞ்சள் தண்ணீரும் நுரையும். டாக்டரம்மா பஞ்சைத் தேடிப் போனாள். ஊசியக்கா குனிந்து பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக மனிதர்களின் உள்ளிருந்து வருவதைப் பார்த்த கண் அது. இரண்டரை மணி நேரத்துக்கு முன்னால் தின்ற கோழி இருந்தால் ஒரு நாராவது இருக்க வேண்டும். ஒரு நாரும் இல்லை. அது நேற்று மாலையிலிருந்து பட்டினி கிடந்த வயிறு.

வீட்டில் இருப்பது மூன்று பேர். தின்றது பூனையும் இல்லை, அவளும் இல்லை.

பொய் சொல்லும் வயிற்றிடம் அவள் ஒருநாளும் "சாப்பிட்டீங்களா" என்று கேட்பதில்லை. கேட்டால் இல்லை என்றுதான் வரும். காலண்டரைப் பார்த்து நின்றவரிடம், சாதாரணக் குரலில், "எத்தனை மணிக்குச் சாப்பிட்டீங்க?" என்று கேட்டாள்.

"ஆறு மணிக்கு. நீ குளிக்கப் போனப்ப" என்றார் கிளட்ச் வாத்தியார். சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கே தெரிந்தது.

பஞ்சோடு வந்த டாக்டரம்மா காதிலும் அது விழுந்தது. அவள் மேஜையைத் துடைத்துவிட்டு, சாயங்காலம் சாப்பிடுவதைக் கண்ணால் பார்த்த பிறகு ஒரே ஒரு யூனிட் போடும்படி எழுதிக் கொடுத்தாள். "கை நடுங்குதான்னு கேட்டதுக்கு மன்னிச்சுக்கங்கம்மா" என்றாள். ஊசியக்காவுக்கு உடம்பெல்லாம் கூசியது.

துரையைத் துண்டோடு வீட்டுக்குத் தூக்கி வந்தாள். மாலை ஆறு மணிக்குத் துரையின் பக்கத்திலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்து, அது கடைசி நாரை விழுங்கும்வரை பார்த்தாள். ஊசி போட்டு முடித்த பிறகுதான் வாயைத் திறந்தாள்.

"ஆசையா இருந்துச்சுன்னா சட்டியில இருந்து எடுத்துத் தின்னிருக்கலாமே. பூனை வாய் வச்ச கிண்ணத்துலயா?"

"சட்டியில எடுத்தா நீ நிறுத்துப் பாத்துக் கண்டுபிடிச்சிடுவே" என்றார் அவர். "கிண்ணம் காலியா இருந்தா பூனை தின்னுச்சுன்னு எழுதிக்குவே."

பூனைக்கும் தோழன், பாலுக்கும் காவல் என்பார்களே, அந்த ரகம். அந்த எச்சில் கிண்ணம், அதில் அவர் விரல், அந்த விரலைச் சூப்பிய வாய். அதையாவது பசி என்று தள்ளிவிடலாம்.

"அப்புறம் நான் ஊசி போடுவேன்னு தெரியும்."

"தெரியும். அங்க இங்க ஏதாவது தின்னிருக்கும்னு நெனச்சேன்."

"ரெண்டு வாரமா அது விழுந்து எழுந்துக்கிட்டிருந்தப்ப? அந்தப் பொண்ணு என் கையைச் சந்தேகப்பட்டப்ப? இன்னைக்கு மருந்தை நிறுத்துறேன்னு சொன்னப்ப?"

"எப்படிச் சொல்றது, சொல்லு. பூனைச் சாப்பாட்டைத் தின்னேன்னு நாலு பேர் முன்னாடியா? மானம் போயிடாதா? அது பூனைதானே, விடேன்."

என் ராசா, என் தங்கம் என்று கொஞ்சின அதே வாய். மூக்கைப் பொத்திக்கொண்டு அதை உயிரோடு வைத்திருந்தவள் அவரை நிமிர்ந்து பார்த்தாள். அழுகை வரவில்லை, குமட்டல்தான் வந்தது.

"பூனையை விடுங்க. எனக்கும் வயசாகுது. நாளைக்கு நான் விழுந்து கிடப்பேன். எந்த மாத்திரை போட்டாங்க, என்ன சாப்பிட்டாங்கன்னு டாக்டர் உங்களைத்தான் கேப்பாங்க. அதுல உங்க தப்பு ஏதாவது இருந்தா, அன்னைக்கும் காலண்டரைத்தான் பாத்துக்கிட்டு நிப்பீங்களா?"

இல்லை என்று ஒரு வார்த்தை. பொய்யாகவாவது உடனே சொல்லியிருந்தால் போதும். ஊசியக்கா காத்திருந்தாள். துரை வயிறு நிறைந்த மயக்கத்தில் அவள் மடியில் ஏறி, ஈரக் காலை அவள் புடவையில் துடைத்துக்கொண்டு சுருண்டு படுத்தது. அவள் தள்ளிவிடவில்லை.

கிளட்ச் வாத்தியார் எழுந்தார். வேட்டியைச் சரிசெய்துகொண்டார். சமையலறைப் பக்கம் பார்த்தபடி, "டீ போடட்டுமா?" என்று கேட்டார்.