பெட்டி அணையக் கூடாத மதியம்

"அது கத்துதுடி," என்றாள் சித்தி போனில்.

"எது சித்தி?"

"டிவியில மாட்டுற விளையாட்டுப் பெட்டி. ஏரோப்பிளேன் கிளம்புற மாதிரி கத்துது. டிவியில ஒரு மஞ்சள் முக்கோணம் வந்து, ரொம்பச் சூடுன்னு இங்கிலீஷ்ல எழுதுச்சு. தொட்டா எனக்கே தெரியுது, அதுக்கு ஒரு அறிவிப்பு வேற."

"முதல்ல நிறுத்துங்க. ஆறட்டும்."

"நிறுத்திட்டேன். ஆனா இன்னும் கொஞ்ச நேரத்துல என் மக சில்வண்டு அதுல பேச வந்துடுவா. அவ பேசுறப்போ இது அணைஞ்சா என் கதை முடிஞ்சுது. நீ படிச்சவ, ஓடி வா."

"நான் படிச்சது மொழி, சித்தி. மெஷின் இல்ல."

"ரெண்டு மொழி படிச்சே, ரெண்டுலயும் வாயைத் திறக்க மாட்டே. கையையாவது கொண்டு வா."

போனை வைத்துவிட்டு, சித்தியின் அக்கா மகள் செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினாள். சித்தி வீடு இரண்டு தெரு தள்ளி. வெயில் தாரை இளக்கிக்கொண்டிருந்தது. யாரிடமும் உதவி கேட்டு வழக்கமில்லாத சித்தி வாய்விட்டுக் கூப்பிட்டதுதான் அவளை வேகமாக நடக்கவைத்தது.

சித்திக்குக் கார் சீட் உறை தைக்கும் பட்டறையில் வேலை. உறைக்காரம்மா என்றால்தான் அங்கே தெரியும். பட்டறை போதாதென்று வீட்டிலும் ஒரு தையல் மெஷின் வைத்திருந்தாள். கண்ணில் பட்ட எதற்கும் அளவெடுத்து உறை போட்டுவிடுவாள்: மிக்ஸி, ரிமோட், தண்ணீர்க் குடம், கதவுக் கைப்பிடி. இந்த வீட்டில் உறை இல்லாமல் இருப்பது உன் சித்தியின் வாய் மட்டும்தான் என்று சித்தப்பா உயிரோடு இருந்தபோது கேலி செய்வார்.

அந்த வாய்தான் மகளையும் விரட்டியது. ஊரெல்லாம் சில்வண்டு என்று கூப்பிடும் அந்தப் பெண், தனக்குப் பிடித்த ஒருவனோடு வேறு ஊருக்குப் போய்விட்டாள். போன் போட்டு, "அம்மா, நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு," என்று ஆரம்பித்தவளைச் சித்தி நாலு வார்த்தை கடித்துத் துப்பிவிட்டு, பாதியிலேயே போனை வைத்துவிட்டாள். அதற்குப் பிறகு சித்தியின் எண்ணிலிருந்து போன அழைப்பு எதையும் மகள் எடுக்கவில்லை.

மகள் விட்டுப்போன சாமான்களில் அந்த வீடியோ கேம் பெட்டியும் ஒன்று. ஒருநாள் தூசி துடைக்கும்போது எதையோ அழுத்தி அதைக் கிளப்பிவிட்டாள் சித்தி. திரையில் மகளின் பட்டப்பெயர் தெரிந்தது; அவளும் வேறெங்கோ இருந்து விளையாடிக்கொண்டிருந்தாள். தட்டுத்தடுமாறி அழைப்பு அனுப்பினாள். வெகுநேரம் கழித்து, "பாதியில வெட்டிட்டுப் போனா நான் இனி வரவே மாட்டேன், பாத்துக்கோ," என்று மகளின் குரல் வந்தது. அன்றிலிருந்து ஞாயிறு மதியங்களில் இருவரும் விளையாட்டுக்குள் இருக்கும் ஓர் ஏரிக்கரையில் உட்கார்ந்து தூண்டில் போட்டார்கள். பேச்சு மீனைத் தாண்டிப் போகாது. போன வாரம்தான், கிளம்பும்போது, "அடுத்த தடவை உன்கிட்ட ஒண்ணு சொல்லணும்மா," என்று மகள் சொல்லியிருந்தாள்.

அக்கா மகள் உள்ளே நுழைந்தபோது, டிவி அலமாரிக்குள் பெட்டி பூப்போட்ட உறைக்குள் பத்திரமாக இருந்தது. இரட்டைத் துணி, நடுவில் பஞ்சு, ஓரத்தில் எலாஸ்டிக். வயர் வெளியே வர மட்டும் ஒரு பொத்தான் துளை.

"ஆற வைக்கச் சொன்னா, போர்த்தி வெச்சிருக்கீங்க?"

"வெயில் படாம இருக்கட்டும்னுதான்டி."

"விளையாடுறப்போ கழட்டுவீங்கள்ல?"

சித்தி வயர் வரும் பொத்தான் துளையைச் சுட்டிக்காட்டினாள்.

உறையை உருவியதும் அடுப்பைத் திறந்தது போல அனல் முகத்தில் அடித்தது. பின்பக்கத் துளைகள் கண்ணுக்கே தெரியவில்லை. சாம்பல் நிறப் பஞ்சு மெத்தையாக அடைத்திருந்தது; இடையிடையே சிவப்பும் நீலமுமாக நூல் பிசிறு.

"இந்த ஓட்டையெல்லாம் எதுக்குன்னு நினைச்சீங்க?"

"டிசைன்னு நினைச்சேன்."

சிரிக்க நேரமில்லை. சித்தி வாயால் ஊதக் குனிந்தாள். எச்சில் போகும் என்று இவள் தடுத்தாள். ஈரத் துணி போடலாமா என்றாள் சித்தி. போட்டால் மொத்தமாகப் போய்விடும் என்றாள் இவள். தையல் மெஷினில் அடிநூல் சுற்றிய பாபின் இருக்கும் அறையைச் சுத்தம் செய்யும் சின்ன பிரஷ்ஷைச் சித்தியே நினைவு வந்து எடுத்துக் கொடுத்தாள். மேலாக இருந்தது வந்தது. உள்ளே போய் அடைந்ததை எடுக்கப் பெட்டியைப் பிரிக்க வேண்டும். அதற்கு ஆளும் இல்லை, நேரமும் இல்லை. அலமாரியிலிருந்து வெளியே இழுத்து, அடியில் காற்றுப் போக நான்கு நூல் கோன்களைப் படுக்கவைத்து, அதன்மேல் பெட்டியை வைத்தார்கள். பின்னால் டேபிள் ஃபேன்.

"நான் அவளுக்கு ஒரு மெசேஜ் போடவா? பெட்டி சூடாயிடுச்சு, அணைஞ்சாலும் அணையும்னு?"

"வேண்டாம். நடுவுல ஆள் வெச்சேன்னு தெரிஞ்சா வரமாட்டா. சூடுன்னு சொன்னா, சரி, இன்னொரு நாள் பேசலாம்னு போயிடுவா. சொல்ல வந்ததை இன்னொரு நாள் சொல்லுவாளா?"

சித்தி பெட்டியைக் கிளப்பினாள். ஏரி வந்தது. மைக்கைக் கழுத்துப் பக்கம் செருகிக்கொண்டாள். டிவியிலிருந்து சில்வண்டின் குரல் கேட்டது.

"என்னம்மா, மீன் மாட்டுச்சா?"

"இப்பத்தான் உக்காந்தேன்."

கொஞ்ச நேரம் பெட்டி சத்தமில்லாமல் ஓடியது. பிறகு பெட்டி முனகத் தொடங்கியது. முனகல் இரைச்சலானது. அக்கா மகள் மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட்டாள்.

"என்னம்மா சத்தம்?"

"தையல் மெஷின்," என்றாள் சித்தி கண்ணிமைக்காமல்.

"தூண்டிலும் கையில, மெஷினும் ஓடுதா? உனக்கு எத்தனை கை?"

சித்தி திருதிருவென்று விழித்தாள். "பக்கத்து வீட்டுக்காரி தைக்கிறா."

அப்போது மஞ்சள் முக்கோணம் திரையின் மூலையில் எட்டிப் பார்த்தது. சித்தியின் விரல்கள் கன்ட்ரோலரை நெரித்தன. அக்கா மகள் பெட்டியின் பின்னால் கையை நீட்டிப் பார்த்தாள். சூடான காற்று வெளியே வர முட்டிக்கொண்டு நின்றது. அது வரும் வாசலிலேயே எதிர்க்காற்றை அடித்துக்கொண்டிருந்தது டேபிள் ஃபேன். தப்பு அவளுடையது. ஃபேனைத் தூக்கி முன்பக்கம் கொண்டுபோனாள். வயர் எட்டவில்லை. தரையில் வைத்தால் பிளக் பிடுங்கிக்கொள்ளும். மார்போடு அணைத்து, வயர் விறைக்க விறைக்க, பெட்டியின் முன்பக்கத்துக்குக் காற்றைக் காட்டியபடி நின்றாள். தோள்பட்டை கடுத்தது. முக்கோணம் போகவில்லை.

"அம்மா."

"சொல்லு."

"திட்டக் கூடாது. பாதியில போகவும் கூடாது."

"போகமாட்டேன்டி. எங்கயும் போகமாட்டேன்." சித்தியின் பார்வை மகள் இருக்கும் திரையில் இல்லை, முக்கோணத்தில் இருந்தது.

இரைச்சல் மெல்ல ஒரு படி இறங்கியது. பின் இன்னொரு படி. முக்கோணம் மறைந்தது. டிவியில் மகள் மூச்சை இழுத்துப் பேசத் தயாராவது கேட்டது.

சித்தி மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு, ஃபேனும் கையுமாக நின்றவள் பக்கம் திரும்பினாள். பட்டறையிலும் வீட்டிலும் யாரிடமும் கெஞ்சாத குரல் அன்று கெஞ்சியது.

"கண்ணு, அங்கயே நில்லு, ஃபேனை இறக்கிடாதே. ஆனா அவ இப்பச் சொல்லப்போற எதையும் நீ கேக்கலை. சரியா?"