அவன் அவளோடுதான் பேசினான்

விசாலம் போய்விட்டாள் என்ற செய்தியை என் வீட்டுக்காரர்தான் கொண்டுவந்தார். காலை ஷிப்டுக்குப் புறப்பட்டுப் போனவர், கம்பெனி பஸ் வந்து நின்ற பிறகும் ஏறாமல், டிபன் கேரியரும் கையுமாகத் திரும்பி வந்தார். காய்ச்சலிலும் பஸ்ஸைத் தவறவிடாத மனிதர். வாசலில் நின்றபடியே, "விசாலம் தவறிருச்சாம். ஆஸ்பத்திரியிலயே, விடியக்காலைல" என்றார். நான் சாமி விளக்குக்குத் திரி போட்டுக்கொண்டிருந்தேன். உடனே அழுகை வரவில்லை. முதலில் வந்த நினைப்பு இதுதான்: அவளைத்தானே முந்திக் கூப்பிட்டுக்கொண்டாய், முருகா?

நம் வெள்ளிக்கிழமை பஜனைக் குழுவின் மலரில் அவளைப் பற்றி நான்தான் எழுத வேண்டும் என்று நீங்கள் எல்லோரும் சொன்னீர்கள். இவள் எதிர்வீட்டில் இத்தனை வருஷம் இருந்தவள், வீட்டுக் கணக்கைத் தவறாமல் எழுதுகிறவள், இதையும் எழுதிவிடுவாள் என்று நினைத்திருப்பீர்கள். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மளிகை சுற்றி வந்த காகிதங்களைப் படித்துப் படித்துத்தான் எழுத்துக் கூட்டினேன். அவள் நல்லவள், பக்தி உள்ளவள் என்று நாலு வரி எழுதுவது சுலபம். ஆனால் விசாலத்தை உள்ளபடி எழுதினால் என் பொறாமையும் கூடவே வரும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஐதராபாத்தில் சில வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ராமச்சந்திராபுரத்தில் கம்பெனி குவார்ட்டர்ஸ் கிடைத்து அவர்கள் எதிர்வீட்டுக்கு வந்த புதிது. எங்கள் வீட்டுக்காரரைப் போலவே அவள் புருஷனும் வெல்டர். அவர்கள் திருநெல்வேலிப் பக்கம், நாங்கள் விருதுநகர். என்னைவிட அவள் நாலு வயது சின்னவள். ஒரு நாள் பகலில் அவள் அடுப்படியிலிருந்து பேச்சுக் குரல் கேட்டது. ஊரிலிருந்து யாரோ வந்திருக்கிறார்கள் என்று நினைத்து, ஒரு செம்பு மோரோடு போனேன். அவள் தனியாகத் தரையில் உட்கார்ந்து வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள். யார் வந்திருக்கிறார்கள் என்று கேட்டேன். "வேற யாரு, இவன்தான்" என்று கத்தியாலேயே காட்டினாள். அரிசி டின்னுக்கு மேலே, எண்ணெய்ப் புகை படிந்து, காலண்டரிலிருந்து வெட்டி ஒட்டிய முருகன். மண்ணெண்ணெய்க் கடை வரிசையில் ஒருத்தி தன்னை இடித்துத் தள்ளியதை அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தாளாம். பதிலுக்குச் சண்டை போடவா என்று கேட்டாளாம்.

"என்ன சொன்னான்?" என்று நான் விளையாட்டாகத்தான் கேட்டேன்.

"நக்கோங்கான்."

வேண்டாம் என்பதற்கு இந்த ஊர்க்காரர்கள் சொல்கிற வார்த்தை, நமக்கெல்லாம் ஒட்டிக்கொண்டதுதான். முருகன் எப்போது ஐதராபாத் பேச்சுப் பேச ஆரம்பித்தான் என்று கேட்டேன்.

"நாம இங்க வந்து எத்தன வருசமாச்சு? அவனும் கூடத்தானக்கா இருக்கான். படிச்சுக்கிட மாட்டானா?"

சிரித்துவிட்டு வந்தேன். வந்து என் பூஜை அலமாரியைப் பார்த்தபோது சிரிப்பு நின்றுவிட்டது. சஷ்டிக்கு விரதம், கிருத்திகைக்கு விரதம், குளிக்காமல் விளக்கைத் தொட்டதில்லை. என் கணக்கு நோட்டில் கற்பூரம், நல்லெண்ணெய், பழம் எல்லாவற்றுக்கும் தனியாகப் பத்தி உண்டு. அவள் வீட்டு விளக்கில் சில நாள் எண்ணெய்கூட இருக்காது. இத்தனையும் செய்கிறவளிடம் ஒரு வார்த்தை பேசாதவன், வெங்காயம் உரிக்கிறவளோடு ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்கிறான்.

பஜனையில் உங்களுக்கும் இது தெரிந்திருந்தது. பிள்ளைக்குப் பரீட்சை, பெண்ணுக்கு வரன் என்று எது இருந்தாலும், விசாலம், நீ அவன் காதில் போட்டு வை என்று அவளைத்தான் பிடிப்பீர்கள். என்னிடம் யாரும் வந்ததில்லை. அவள் ஒருவருக்கும் சரி என்று சொன்னதுமில்லை. "அவன் என்ன நம்ம கம்பெனி பர்சனல் ஆபீஸா, ஆள் பிடிச்சுச் சொல்ல? நேராப் போயிச் சொல்லுங்க" என்பாள்.

பிறகு அந்த மாற்றல் வந்தது. கம்பெனியின் தமிழ்நாட்டு ஆலையில் இருந்த ஒரு தெலுங்குக்கார வெல்டர் இங்கே வர விரும்பினார். பதிலுக்கு இங்கிருந்து ஒரு வெல்டர் அங்கே போகலாம். எங்கள் வீட்டுக்காரர், விசாலம் வீட்டுக்காரர், இரண்டு பேருமே கேட்டிருந்தார்கள். நீங்களே பேசி ஒரு பேரைக் கொடுங்கள் என்று மேலதிகாரி சொல்லிவிட்டார். எனக்கு ஊருக்குப் போக ஆசை. பிள்ளைகள் தமிழில் கேட்டால் தெலுங்கில் பதில் சொல்கிறார்கள் என்ற ஏக்கம். விசாலத்துக்கு அதைவிடப் பெரிய காரணம் இருந்தது. அவள் அம்மா ஊரில் படுத்த படுக்கையாக இருந்தாள்.

நான் இரண்டு பொட்டலத்தில் பூ மடித்துச் சாமி முன் வைத்து, பூக்கட்டிப் பார்த்தேன். சிவப்பு அரளி வந்தால் போகலாம், வெள்ளை வந்தால் இருக்க வேண்டும். குழந்தை கையால் எடுப்பதுதான் முறை. பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் வருகிறவரை என்னால் பொறுக்க முடியவில்லை, நானே எடுத்தேன். வெள்ளை. சரியாக வேண்டிக்கொள்ளவில்லையோ என்று மறுபடி கட்டினேன். மறுபடியும் வெள்ளை. விபூதி பூசிக்கொண்டு, கிழக்கே பார்த்து உட்கார்ந்து, சிவப்பு வரும்வரை கட்டிக்கொண்டே இருந்தேன்.

அன்று சாயங்காலமே விசாலம் வந்து, "எங்க வீட்டுல பேரு கொடுக்கலக்கா. உங்க வீட்டு அண்ணாச்சி பேரையே கொடுக்கச் சொல்லுங்க" என்றாள். நான் உருகிப்போனேன். அவள் கையைப் பிடித்துக்கொண்டு, தாயைக்கூடப் பார்க்காமல் எனக்காக விட்டுக்கொடுத்தாயே என்று கண் கலங்கினேன். அவள் சங்கடத்தோடு கையை விடுவித்துக்கொண்டாள்.

"உங்களுக்காவ இல்லக்கா. அவன் இருன்னான். இருக்கேன்."

அவள் செய்த தியாகத்தில்கூட எனக்குப் பங்கில்லை. அதுவும் அவர்கள் இரண்டு பேருக்குள் நடந்த விஷயம்.

நாங்கள் போகவில்லை என்பது உங்களுக்குத் தெரியும். சாமான்களைப் பாதி கட்டிவைத்திருந்தபோது, அந்தத் தெலுங்குக்காரர் மனசு மாறிவிட்டார். கட்டியதை அவிழ்த்தோம். சில மாதங்களில் விசாலத்தின் அம்மா இறந்துபோனாள். தந்தி வந்து, ரயிலேறி, இவள் போய்ச் சேர்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அம்மா முகத்தைப் பார்க்காமல் திரும்பி வந்தாள். துக்கம் கேட்கப் போனேன். துக்கம் மட்டுமா கேட்கப் போனேன்? அந்தச் சிநேகம் முறிந்திருக்கும், காலண்டர் முருகனைக் கிழித்துப் போட்டிருப்பாள் என்று ஒரு நினைப்பும் கூடவே வந்தது.

அவன் அங்கேதான் இருந்தான். கீழே அவள் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருந்தாள். முகம் வீங்கியிருந்தது. "இருன்னு சொன்னவன் இதைச் சொல்லலையேடி, உனக்குக் கோபம் வரலையா?" என்று கேட்டேன்.

"வந்துச்சு. வாய்க்கு வந்தபடி ஏசினேன். பேசாமக் கேட்டுக்கிட்டு இருந்தான்." கொஞ்ச நேரம் கல்லைப் பொறுக்கினாள். "இருன்னான். ஏன்னு சொல்லல. கூட்டாளின்னா எல்லாத்துக்கும் காரணம் சொல்லிக்கிட்டேவா இருப்பான்? சொல்லுத அன்னைக்குச் சொல்லட்டும்."

அன்றைக்கு வீட்டுக்கு வந்து நான் அழுதது அவள் அம்மாவுக்காக இல்லை. கைக்கு வந்த மாற்றல் போனபோது எனக்கும் கோபம் வந்திருந்தது. அந்தத் தெலுங்குக்காரர் மேல் வந்தது, அதிகாரி மேல் வந்தது. முருகன் மேல் வரவே இல்லை. கோபித்துக்கொள்கிற அளவுக்குக்கூட அவன் எனக்கு நெருக்கமில்லை.

அதற்கப்புறம் நானும் பேசிப் பார்த்தேன். அலமாரி முருகனை அடுப்படிக்குக் கொண்டுவந்து வைத்துக்கொண்டு, குழம்பைக் கிண்டியபடி பேசினேன். எங்கள் வீட்டுக்காரர் தன்னைத்தான் திட்டுகிறேன் என்று நினைத்து, "இப்ப நான் என்ன பண்ணிட்டேன்?" என்று எழுந்து வந்தார். ஒரு நாள் விசாலமே வாசலில் நின்று கேட்டுவிட்டாள். சிரிக்கவில்லை.

"யக்கா, நீங்க பேசலல்லா. கணக்குல்லா ஒப்பிக்கிய. இத்தன விரதம் இருந்தேன், இன்னது செய்தேன்னு. அவனும் பாவம், தலையாட்டிக்கிட்டு இருக்கான். ஒரு வார்த்த சொல்ல அவனுக்கு எடம் விடுதியளா?"

எனக்குச் சுருக்கென்றது. அவனைப் பாவம் என்று சொல்கிற உரிமை அவளுக்கு இருந்தது. ஒரு வாரம் அவளோடு சரியாகப் பேசவில்லை. அவள் அதைக் கவனித்ததாகவே காட்டிக்கொள்ளவில்லை. வழக்கம்போல் கறிவேப்பிலை கேட்டு வந்தாள், கொடுத்தேன்.

கடைசியாக அவளைப் பார்த்தது ஆஸ்பத்திரியில். நீங்களும் முறை வைத்துப் போய்வந்தீர்கள். நான் போனது மத்தியான நேரம். அவள் புருஷன் சாப்பிடக் கீழே போயிருந்தார். இளைத்துக் கட்டிலோடு கட்டிலாக இருந்தாள். கொண்டுபோன கஞ்சியை இரண்டு வாய் குடித்தாள். அவன் என்ன சொல்கிறான் என்று கேட்டேன்.

"ஒண்ணுஞ் சொல்லல. நானும் ஒண்ணுங் கேக்கல. ரெண்டு பேரும் சும்மா இருக்கோம்."

அவளுக்கு மூச்சு வாங்கியது. பேசவைக்கக் கூடாது என்று தெரிந்தும் என்னால் அடக்க முடியவில்லை. இத்தனை வருஷம் நாக்கு நுனியில் நின்றதைக் கேட்டேவிட்டேன். "விசாலம், என்னப் பத்தி அவன் எப்பவாச்சும் ஏதாச்சும் சொல்லியிருக்கானா?"

என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். ஒரு பொய் சொல்லியிருக்கலாம். சாகக் கிடக்கிறவள், எதிரே ஒருத்தி கை நீட்டி நிற்கிறாள், உங்களை ரொம்பப் பிடிக்கும் என்று சொன்னான் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதை வைத்துக்கொண்டே மிச்ச நாளை ஓட்டியிருப்பேன். அவள் சொல்லவில்லை.

"அத நான் கேட்டதில்லக்கா. அது உங்க ரெண்டு பேருக்குள்ள உள்ளது. நான் எப்படி நடுவுல வர?"

நர்ஸ் வந்து என்னைப் போகச் சொன்னாள். பஸ்ஸில் ஜன்னல் பக்கம் உட்கார்ந்து வழியெல்லாம் அவளைத் திட்டிக்கொண்டே வந்தேன். வீடு வந்து சேர்ந்த பிறகுதான், 'உங்க ரெண்டு பேருக்குள்ள' என்று அவள் என்னையும் அவனையும் சேர்த்துச் சொன்னது உறைத்தது.

அவள் காரியம் முடிந்த மறுநாள், முருகன் முன்னால் போய் உட்கார்ந்தேன். பாட்டு எதுவும் சொல்லவில்லை. "அவகிட்ட மட்டும் பேசினியே, நான் என்ன குறை வச்சேன்?" என்று கேட்டேன். சத்தமாகத்தான் கேட்டேன், பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். அப்புறம் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன், இங்கே எழுத முடியாததையும் சொன்னேன். பதில் வரவில்லை. ஆனால் எழுந்து போகவும் தோன்றவில்லை. குழம்பு தீய்ந்து வாடை வருகிறவரை அங்கேயே இருந்தேன்.

விசாலத்தின் பொறுமை எனக்கும் வந்துவிட்டது என்று எழுதி முடித்தால் அழகாக இருக்கும். என்னைத் தெரிந்த நீங்கள் நம்ப மாட்டீர்கள். அவளிடமிருந்து எனக்கென்று வந்தது அவள்மேல் நான் பட்ட பொறாமை ஒன்றுதான். அவள் போன பிறகும் அது குறையவில்லை. தினமும் என்னை அவன் முன்னால் இழுத்துக்கொண்டுபோய் உட்காரவைக்கிறது. கேட்க வேண்டியதைக் கேட்டுவிட்டு, இப்போதெல்லாம் கொஞ்ச நேரம் வாயை மூடிக்கொண்டு இருக்கிறேன்.