ராஜமணி கழுவிய கார்

கரமனை டாக்சி ஸ்டாண்டில் ராஜமணியைப் பற்றி யாரைக் கேட்டாலும் முதலில் அவருடைய வண்டிச் சுத்தத்தைத்தான் சொல்வார்கள். களியக்காவிளையில் இருந்து லாரி கிளீனராக இந்த ஊருக்கு வந்தபோது அவருக்கு மீசை அரும்பவில்லை. அன்று எடுத்த வாளியை ஐம்பத்தெட்டு வயதாகியும் கீழே வைக்கவில்லை. லாரி, ஜீப், வேன், அம்பாசிடர் என்று எது கைக்கு வந்தாலும் விடிந்ததும் அதற்குக் குளியல். பிள்ளைக்குக் காது மடலின் பின்பக்கம் துடைக்கிற தாயைப்போலச் சக்கரத்தின் உள்பக்கம் வரை கை விட்டுத் துடைப்பார். பெற்ற பிள்ளைகளை ஒருநாளாவது இப்படிக் குளிப்பாட்டியதுண்டா என்று மனைவி பிரேமா கேட்பார். நியாயமான கேள்விதான்.

போன வருடம் டீசல் வண்டி போதும் போதும் என்றாகிவிட்டது. ஓடிக் கிடைப்பதில் பாதியைப் பம்ப்காரனே வாங்கிக்கொண்டான். ஸ்டாண்டுக்குப் பக்கத்து வங்கியில் வேலை பார்க்கும் ஷிபு தன் மின்சாரக் காரை விற்கப்போவதாகக் கேள்விப்பட்டு, போய்ப் பார்த்தார். நாலு வருடம் ஓடிய வண்டி. மழை கழுவியதைத் தவிர வேறு யாரும் அதைக் கழுவியதற்கான அடையாளம் இல்லை. இருக்கைக்கு அடியில் கடலைத்தோல், சார்ஜ் செருகும் மூடிக்குள் தூசி. படித்த மனிதனுக்கு வண்டி வைத்துக்கொள்ளத் தெரியவில்லையே என்று ராஜமணிக்கு உள்ளூர இளப்பம். அந்த அழுக்கைக் காட்டியே பேரம் பேசி ஐந்தரை லட்சத்துக்கு முடித்தார்.

பழைய மின்சாரக் காருக்குரிய தொந்தரவுகள் ஒவ்வொன்றாக வந்தன. முழுச் சார்ஜில் இருநூறு கிலோமீட்டர் என்று காட்டும். ஏசி போட்டால் நூற்றைம்பதைத் தாண்டாது. வண்டி கனம் என்பதால் டயர்கள் சீக்கிரம் தேய்ந்தன; நாலும் மாற்ற இருபத்தெட்டாயிரம். ஒருநாள் காலையில் கதவே திறக்கவில்லை. பெரிய பேட்டரி போயிற்று, இன்னொரு ஐந்து லட்சம் என்று நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். போனது பூட்டுக்கும் விளக்குக்கும் உள்ள சின்ன பேட்டரி, ஆறாயிரத்தோடு விட்டது. இதையெல்லாம் அவர் பொறுத்துக்கொண்டார். பொன்முடி ஏறும்போது கரைகிற சார்ஜ் இறங்கும்போது கொஞ்சம் திரும்ப ஏறுவதைக் கண்டு, டீசல் வண்டி எந்தக் காலத்திலாவது டீசலைத் திருப்பித் தந்ததுண்டா என்று ஸ்டாண்டில் பெருமையடித்துக்கொண்டதும் உண்டு.

நாலாம் மாதம் வண்டி சார்ஜ் ஏற்க மறுத்தது. ஒருநாள் ஏறும், மறுநாள் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டுச் சும்மா கிடக்கும். விழிஞ்ஞம் துறைமுகத்துக்குத் தினமும் ஆள் ஏற்றிப்போகும் வாடிக்கை கைவிட்டுப் போயிற்று. ராஜமணிக்கு ஆத்திரம் தலைக்கேறியது.

"அந்தப் பேங்குக்காரன் எனக்க தலையில கட்டிட்டான், மக்கா! கேடு உண்டுன்னு தெரிஞ்சுதான் வித்திருக்கான். கள்ளப்பய!" என்று ஸ்டாண்டின் நடுவில் நின்று சத்தம் போட்டார்.

ஊருக்கு அது போதும். ஷிபு தினமும் ஸ்டாண்டைக் கடந்துதான் வேலைக்குப் போவார். ஒரு டிரைவர் இருமுவார். இன்னொருவர், "சாறே, விக்கதுக்கு வேற வண்டி உண்டா?" என்பார். ஒரே வாரத்தில் ஷிபு ஆற்றங்கரைப் பக்கமாகச் சுற்றிப் போகத் தொடங்கினார்.

கடைசியில் காரை இன்னொரு வண்டியில் ஏற்றிக் கம்பெனி சர்வீஸுக்குக் கொண்டுபோனார் ராஜமணி. அங்கே இருந்த என்ஜினீயர் ஷாலு, சார்ஜ் செருகும் குழியைக் கழற்றி அவர் முன்னால் வைத்தார். முனைகள் பச்சை பிடித்துக் கிடந்தன. ரப்பர் அடைப்பு பிய்ந்து தொங்கியது. ஷாலு அதை மூக்கருகே கொண்டுபோனார்.

"அங்கிளே, இது மழைத்தண்ணி இல்ல கேட்டோ. எலுமிச்ச மணம் வருது. இதுக்குள்ள ஆராவது சோப்பு போட்டாங்களா?"

எலுமிச்சை மணக்கும் கார் ஷாம்பு அவருடையது. வாங்கிய நாளில் இருந்து தினமும் அந்த மூடியைத் திறந்து, குழிகளுக்குள் பழைய பல் பிரஷை விட்டுத் தேய்த்து, குழாய்த் தண்ணீரைப் பீய்ச்சி அடித்தவரும் அவர்தான். ஷிபு நாலு வருடம் தொடாமல் விட்ட தூசி அந்த இடத்துக்கு ஒரு கேடும் செய்திருக்கவில்லை.

"இதும், இதுக்குப் பின்னால போற வயரும் மாத்தணும். அறுபதாயிரம் ஆகும். தண்ணி கேறினதுக்கு வாரண்டி கிட்டாது, அங்கிள்," என்றார் ஷாலு.

அறுபதாயிரம் செலவு என்று ஸ்டாண்டில் சொன்னவர், காரணத்தை வீட்டில் பிரேமாவிடம் மட்டும் சொன்னார். பிரேமா முந்தானையால் வாயை மூடிக்கொண்டு கொஞ்சநேரம் சிரித்தார். பிறகு, "இஞ்ச பாருங்க, அந்த மனுசன்கிட்ட போய்ச் சொல்லிருங்க. பாவம், ஊரச் சுத்திப் போறாரு," என்றார். ராஜமணி தலையாட்டினாரே தவிர, போகவில்லை. அறுபதாயிரம் வலித்தது. ஆனால் ராஜமணி வண்டியைக் கழுவியே கெடுத்தான் என்று ஸ்டாண்டில் ஒரு பேச்சு வந்தால், அது அதைவிட வலிக்கும் என்று பயந்தார்.

இரண்டு நாள் கழித்து ஷிபுவே ஸ்டாண்டுக்கு வந்தார். எல்லார் முன்னாலும் ஒரு உறையை எடுத்து ராஜமணி கையில் வைத்தார்.

"அண்ணாச்சி, முப்பதாயிரம் இருக்கு. ரிப்பேர்ல பாதி என் கணக்கு. எனக்குத் தெரிஞ்சு வண்டியில ஒரு கேடும் இல்ல. ஆனா இந்தப் பேச்சு போதும். ஸ்கூல் விட்டு வந்து எங்க மோளு கேக்குறா, அப்பா நீங்க ஆரையாவது ஏமாத்தினீங்களான்னு."

உறையைப் பையில் வைத்தால் விஷயம் அத்தோடு முடிந்துவிடும். அவர் பெயரும் காசும் பிழைக்கும். அந்தப் பெண் குழந்தையின் முகம் அவருக்குத் தெரியாது. தெரியாதது நல்லதென்று பட்டது.

"சாறே, இது எனக்கு வேண்டாம்," என்று உறையை நீட்டினார். "வண்டி நல்லாத்தான் இருந்துது. நானாக்கும் கெடுத்தது. சார்ஜ் குழிக்குள்ள டெய்லி சோப்பு போட்டுக் கழுவினேன். பல் பிரஷ் விட்டுத் தேச்சேன். ரெண்டு நாளா தெரியும். சொல்லதுக்கு நாணக்கேடா இருந்துது."

ஸ்டாண்ட் வயிறு குலுங்கச் சிரித்தது. ஒருவர் "பல் பிரஷ், பல் பிரஷ்" என்று சொல்லிக்கொண்டே தரையில் உட்கார்ந்துவிட்டார். ஷிபு சிரிக்கவில்லை. உறையை வாங்கிச் சட்டைப்பையில் வைத்தார்.

"இவங்க முன்னால சொல்லிட்டீங்க, சரி. நீங்க என்னைக் கள்ளன்னு சொன்னதைக் கேட்டவங்க எல்லாரும் இப்ப இங்க இருக்காங்களா, அண்ணாச்சி?"

ஷிபு ஆற்றங்கரைப் பக்கமாகவே திரும்பிப் போனார்.

வண்டி சரியாகி இப்போது நன்றாக ஓடுகிறது. போன வாரம் தம்பானூரில் ஏறிய ஒருவர் தானும் பழைய மின்சாரக் கார் வாங்க யோசிப்பதாகச் சொன்னார். "பாத்து வாங்கணும். கரமனையில ஒரு பேங்குக்காரன், பாவப்பட்ட டிரைவர் ஒருத்தன் தலையில ஓட்டை வண்டியக் கட்டிட்டானாம், கேட்டீங்களா?" என்று அவரே கதையும் சொன்னார்.

ராஜமணி வண்டியை ஓரமாக நிறுத்தினார். "அந்த டிரைவர் நானாக்கும், சாறே," என்று தொடங்கி, பல் பிரஷ் வரை ஒன்றுவிடாமல் சொன்னார். பயணி விழுந்து விழுந்து சிரித்தார். அவர் சிரித்து முடிக்கும்வரை காத்திருந்து, ஷிபு மேல் ஒரு குற்றமும் இல்லை என்று இன்னொரு முறை தெளிவாகச் சொல்லிவிட்டுத்தான் ராஜமணி வண்டியை எடுத்தார்.