ஜன்னலில் இரண்டு கால்கள்

மலாயாவுக்குச் சுதந்திரம் வந்த வருடம், சர்க்கரை நோயில் இரண்டு கால்விரல்களை இழந்து மலாக்கா ஆஸ்பத்திரியில் கிடந்தேன். அங்கே பயிற்சி நர்சுகளுக்கு ஒரு ஆசிரியை இருந்தார்; மிஸி என்று கூப்பிடுவோம். ஒல்லியானவர். காலில் போட்ட வெள்ளைச் சப்பாத்தைக் கழற்றவே மாட்டார். எங்கள் ஊர் காஜா பெராங் மாரியம்மன் கோயிலிலும் வாசலில் நின்றே கும்பிடுவார்.

கட்டுப்போடப் பழகுவதற்காக, மாணவிகள் என் காலைப் பார்த்துக் களிமண்ணில் செய்து ஜன்னலில் காயவைத்தார்கள். நான் அதைத் துண்டால் மூடினேன். ஆசிரியை பார்த்துவிட்டார்.

"ஏண்ணே மூடிட்டீங்க?"

"ஊர்க்காரங்க பார்க்க வருவாங்க மிஸி. வெக்கமா இருக்கு."

"தனியா இருக்குல்ல, அதான். துணைக்கு ஒண்ணு வரட்டும்."

மறுநாள் பக்கத்தில் இன்னொரு களிமண் கால் இருந்தது. தீயில் வெந்ததுபோல விரல்கள் ஒட்டியிருந்தன. யாருடையது என்று மாணவிகள் கேட்டார்கள்.

"என்னோடதுதான். இதுக்கும் கட்டிப் பழகுங்க."

துண்டை எடுத்துவிட்டேன். அம்மனுக்குக்கூடக் காட்டாத காலை என் கூச்சத்துக்காக ஜன்னலில் வைத்துவிட்டார். நினைத்தால் இப்போதும் தலை குனிகிறது.